கார்ப்பெட் ஏரியா

காரணம் கேட்டார் பாவ்ஸ்கர் மேடம்.
கொடுமையா, கைவிட்டாரா, வேறு பெண்ணா,
மனநோயா, மதம் மாறினாரா?
ஓட்டல் பையன் டிபன் ஒப்பிக்கிற வேகம்.
பாந்த்ரா குடும்ப நீதிமன்றம், மூன்றாவது மாடி.
இருந்தது ஒரே நாற்காலி. நான் உட்கார்ந்தேன்,
லிங்கதுரை நின்றார்.

குடிப்பதில்லை மேடம். கை ஓங்கியதில்லை.
பேசுவதில்லை.
அதையும் முதலில் நிறுத்தியது
நானா அவரா என்று
இருவருக்கும் ஞாபகமில்லை.

அப்படியானால் பரஸ்பர சம்மதம்,
பேனா மூடியைக் கழற்றினார்.
ஓராண்டாவது தனித்து வாழ்ந்திருக்க வேண்டும்.
வாழ்ந்தீர்களா?

வாழ்ந்தோம்.
செம்பூர் திலக் நகரில்
நானூற்றுப் பத்துச் சதுர அடி கார்ப்பெட் ஏரியாவில்
நடுவே பீரோவை இழுத்துப் போட்டு வாழ்ந்தோம்.
கண்ணாடி என் பக்கம்,
துருவேறிய முதுகு அவர் பக்கம்.
குக்கர் சத்தம் பொது.
வேறு வாடகைக்கு எங்கே போக?
ஐந்தாம் தேதி வங்கி தவணை எடுக்கும்போது
எங்களை ஒரே ஆளாகத்தான் நினைக்கிறது.

ஒரே கூரை என்றாலும் பரவாயில்லை,
கணவன் மனைவியாக இல்லையென்றால் சரி,
சட்டம் ஒத்துக்கொள்ளும் என்றார்.
சட்டம் எங்கள் வீட்டைப் பார்த்திருக்க வேண்டும்
என்று நினைத்தேன்.

சொத்து விவரம் பதினாறு பக்கம்.
பத்திரம் யார் பெயரில்? அவர்.
கடன்? இருவர் பெயரிலும்.
பாதிப் பாதி என்று இங்கே எதுவுமில்லை பிரம்மசக்தி,
பணம் போட்டதற்கு அத்தாட்சி உண்டா?

சீதனம் என்ற இடத்தில்
நாற்பத்திரண்டு பவுன் என்று எழுதினேன்.
இருக்கிறதா?
இருக்கிறது மேடம், வேறு உருவத்தில்.
சாத்தான்குளத்தில் கழுத்தில் ஏறியது
சயானில் மூல்சந்த் சேட்டின் தராசில் இறங்கி
முன்பணமாகப் போனது.
ரெட்டை வடம் ஹாலின் டைல்ஸ்.
நெளி மோதிரம் ஜன்னல் கம்பி.
வளையல் ஆறும் குளியலறை;
எட்டு வருடமாக என் வளையலுக்குள் நின்றுதான்
நான் குளிக்கிறேன்.

ரசீது?
இல்லை.

ஜீவனாம்சத்துக்கு வந்தார்.
என் சம்பளம் அவருடையதைவிட
மூவாயிரத்து நானூறு அதிகம் என்றதும்
சிரித்துவிட்டார்:
அப்போது அவர்கூட உங்களிடம் கேட்கலாமே,
சட்டத்தில் இடமிருக்கிறது.
லிங்கதுரை செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பியூன் என்னை பிரம்மா ஷக்தி என்று கூவினான்.
உள்ளே நான்கு நிமிடம்.
யாராவது வற்புறுத்தினார்களா? இல்லை.
ஆறு மாதம் யோசியுங்கள்.
பதினொரு வருடத்தில்
யோசிக்கச் சொல்லி எங்களுக்குக் கிடைத்த
முதல் அவகாசம்.

குர்லாவில் இறங்கி ஹார்பர் லைன் மாறினோம்.
நான் லேடீஸ், அவர் ஜெண்ட்ஸ்.
இதையும் தனித்து வாழ்ந்ததில் சேர்க்கலாம்.

இரவு பீரோவுக்கு அந்தப் பக்கமிருந்து
இருமுவது போல ஒரு குரல்:
"நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."
எதைச் சொல்கிறார் என்று புரிய
மின்விசிறி நாலு சுற்றுச் சுற்ற வேண்டியிருந்தது.
சரி என்று சொன்னேனா?
சொல்ல வாயைத் திறந்தேன், அது நிச்சயம்.

காலையில் பீரோ மேல்
ஷேவிங் கண்ணாடிக்கு அடியில் ஒரு மஞ்சள் காகிதம்.
மூல்சந்த் சேட்டின் சீட்டு. கார்பன் நகல்.
மராத்தி எழுத்துகளுக்குக் கீழே
அவருடைய சாய்ந்த கையெழுத்தில்:
சக்தி வளையல் – 6.

இது அவருக்கு எதிரான சாட்சி.
அதைக்கூடவா யோசிக்கவில்லை இந்த மனிதர்?
யோசித்துத்தான் வைத்திருப்பார்.
கோபம் வந்தது.
இத்தனை நாள் எந்தக் கவருக்குள் வைத்திருந்தார்,
பி.எஃப். தாளோடா, ரேஷன் கார்டோடா?
அவர் வேலைக்குப் போயிருந்தார்.
சிலிண்டர்காரனுக்குப் பணம் எண்ணி
டப்பாவில் போட்டிருந்தது.

ஸ்டேஷன் வாசல் ஜெராக்ஸ் கடைப் பையன்
சீட்டைத் திருப்பிப் பார்த்தான்.
பின்னால் பென்சிலில் ஒரு கணக்கு:
தவணை, பெருக்கல், இருபது வருடம்,
முடியும் மாதம் மார்ச்.
அதற்கு மட்டும் அடிக்கோடு.

முன்பக்கம் போதுமா தீதி, என்றான்.
கோர்ட்டுக்கு அது போதும்.

ரெண்டு பக்கமும் எடு, என்றேன்.